தொண்ணூற்றாறாவது அட்டையில் நின்ற ஈர்ப்பு விசை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பட்டுக்காகப் போவார்கள், இல்லை கோயிலுக்காகப் போவார்கள். 1973 ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனது, சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகத் தங்கியிருந்த விடுதியில் வெள்ளையடித்ததால். சுண்ணாம்பு வாளியும் ஏணியுமாக அறைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும், கையிலிருந்த வரைபடம் பாதிதான் முடிந்திருந்தது. அறைத் தோழி சரோஜா, "எங்க வூட்டுக்கு வந்துடுப்பா. மூணு நாள் நிம்மதியா குந்தி போடலாம்" என்றாள். அவள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அப்பா நாலு தறி வைத்து நடத்துகிறவர்.

ஐம்பது வருடம் கழித்து இதை எழுதக் காரணம், என் பழைய மாணவர்கள் இருவர் அடுத்த மாதம் காஞ்சிபுரம் போகிறார்களாம், "குறிப்பு கொடுங்கள்" என்று கேட்டார்கள். குறிப்பு கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த வரைபடம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு விசையின் வலிமை எக்காலத்துக்கும் மாறாதது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படி இல்லாமல், பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது ஈர்ப்பு பலமாக இருந்து, அது விரிய விரியக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கலாம் என்று நினைத்தவர்கள் அப்போது உலகத்தில் சிலர் இருந்தார்கள். என் பேராசிரியர் அந்தக் கட்சி. அதனால் நானும் அந்தக் கட்சி. பிற்காலத்தில் எல்லோரும் பேசிய 'பெருவீக்கம்', அதாவது பிறந்த கணத்திலேயே பிரபஞ்சம் குபீரென்று பெருத்தது என்ற கொள்கை, எங்கள் காதில் விழ இன்னும் பல வருடம் இருந்தது. எழுபத்துமூன்றில் வீக்கம் என்றால் அரிசி விலைதான்.

கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் ஒரு வருடம் சுற்றி, ஈர்ப்பு எப்படித் தளர்ந்தது என்று, காலத்தில் ஓர் அடிக்கு நோட்டில் ஒரு வரியாக, அடி அடியாகக் கணக்குப் போட்டிருந்தேன். தாளில் அது முதலில் சமமாக ஓடி, பிறகு ஒரே சரிவாக இறங்கும் கோடு. ஆனால் ஓரிடத்தில் மட்டும் பொசுக்கென்று ஒரு குதி. அந்த இடத்தில் ஈர்ப்பு திடீரென்று குறைந்திருக்கிறது! உலகத்தில் யாரும் சொல்லாத விஷயம். பேராசிரியர் இரண்டு நாள் தூங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். கருத்தரங்கின் தலைப்பே அந்தக் குதியைப் பற்றித்தான், அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. என் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழுவும் அன்று கேட்க உட்காரும். நீட்டாவிட்டால் திருச்சிக்குத் திரும்பி, அப்பா பேசி வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

காலை 6.10க்குப் பாரிமுனையில் பஸ். கட்டணம் இரண்டு ரூபாய் அறுபது காசு, தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழி. வரைபடத்தைச் சுருட்டி ஒரு தகரக் குழாயில் போட்டு மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, உள்ள இன்னா கீது?"

"பூமி எல்லாத்தையும் இழுக்குது இல்லையா, அந்த இழுப்பு பத்தின படம்" என்றேன்.

"அப்ப அதுக்கும் அரை டிக்கெட் போட்டுடலாமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

8.50க்குக் காஞ்சிபுரம். பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு காப்பி, எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து காசு. அங்கிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா முக்கால் ரூபாய். தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் தலை வலிக்கும், பிறகு அது நின்றால்தான் திடுக்கென்றிருக்கும். சரோஜாவின் அப்பா பட்டு நூல் வாங்க வெளியூர் போயிருந்தார். அம்மா மட்டும் இருந்தார். என்னைப் பார்த்து, "இம்மாம் ஒல்லியா இருந்தா மூளைக்கு ரத்தம் எப்படிமா போவும்?" என்றார். அந்த மூன்று நாளில் நான் சாப்பிட்டது மூன்று வாரத்துக்குக் காணும்.

வெள்ளி மாலை நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தோம், இருபது நிமிடம். மணற்கல் சிங்கங்களும் சுற்றி வரச் சின்னச் சின்னச் சன்னதிகளுமாக, அன்றைக்கு எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் பார்த்த கோயில்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இரவு எட்டரைக்குள் வரைபடம் முடிந்தது. பின் வரிசையில் உட்காருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்ததால், கோடு போகும் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு மசியால் நிரப்பியிருந்தேன். பத்திரமாக எங்கே வைப்பது என்று கேட்டபோது சரோஜாவின் அம்மா, "சாமி படத்தாண்ட வை. எங்க வூட்ல முக்கியமான பேப்பரெல்லாம் அங்கதான்" என்றார். அவரே வாங்கி, தாளின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துப் படங்களுக்கு முன்னால் வைத்தார். எனக்குத் தெய்வ நம்பிக்கை கொஞ்சம் ஏற்ற இறக்கமானது. கருத்தரங்குக்கு முந்தைய வாரங்களில் ஏற்றம். நன்றாகக் கும்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, வீட்டைத் தறிக்காரர்களிடம் விட்டுவிட்டு, சரோஜாவின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருப்புட்குழி கிளம்பினோம். வேலூர் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸுக்கு நாற்பது காசு. பழைய பெருமாள் கோயில், பக்கத்தில் பெரிய குளம், அமைதியென்றால் அப்படி ஒரு அமைதி. திரும்பும்போது முசரவாக்கத்தில் பஸ் டயர் படுத்துவிட்டது. "எவ்ளோ நேரம்ணா ஆவும்?" என்று சரோஜா கேட்டதற்கு டிரைவர், "நீ கேட்டுக்கினே இருந்தா ஒரு மணி நேரம், கேக்காம இருந்தா அரை மணி நேரம்" என்றார். கேட்காமல் இருந்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று.

வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கைகால் கழுவிவிட்டுச் சாமி படத்தருகே போனேன். அங்கே இருந்த தாள் என்னுடையது இல்லை. மாங்காய் மாங்காயாகப் போட்ட ஒரு சேலைக்கரை டிசைன்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் புது டிசைன் போட்டால், தாளின் மூலையில் மஞ்சள் வைத்துச் சாமி படத்தின் முன் ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் காலை அட்டை குத்துகிறவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். யாரையும் கேட்க மாட்டார், மஞ்சள் இருந்தால் எடுக்கலாம் என்று அர்த்தம். டிசைன் தாளில் ஒவ்வொரு கட்ட வரிசைக்கும் ஓர் அட்டையாக எடுத்து, கறுப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் துளை போடுவது அவர் வேலை. அந்த அட்டைகளைக் கோத்துத் தறிமேல் மாட்டினால், துளை இருக்கும் இடத்துக்கு ஏற்ப நூல் எழும்பி டிசைன் விழும். என் தாளிலும் கட்டம், என் தாளிலும் கறுப்பு மசி, என் தாளிலும் மஞ்சள். காலை எட்டரைக்கு வந்தவர் மேலாக இருந்த என் ஈர்ப்பு விசையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஐயையோ, அப்பா போட்ட மாங்காய் கீழ இருந்துதுமா, நான் பாக்கவே இல்ல" என்று சரோஜாவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. கணக்கு நோட்டு என்னிடம்தான் இருந்தது, ஆனால் அந்தப் படத்தை மறுபடி போட முழுதாக இரண்டு நாள் வேண்டும். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சரோஜா என் செருப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீட்டு முன்னறையில் அட்டை குத்தும் இயந்திரம். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் நாகபூஷணம், தெருவுக்குப் பூஷணம். முப்பது வயது இருக்கலாம், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், முகத்தில் எப்போதும் ஒரு சிடுசிடுப்பு. அவர் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் வரைபடத்தை முறைத்துக்கொண்டிருந்தார். எண்ணுவதற்கு வசதியாக, எட்டுக் கட்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடாகத் தாள் முழுக்கப் பென்சிலால் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"இத போட்டது யாரு?"

"நான்தாங்க. அது டிசைன் இல்லைங்க…"

"நீங்கதானா? பத்து மணியிலேர்ந்து உங்களுக்காகத்தான் குந்திக்கினு இருக்கேன். ஆளு அனுப்பினேன், வூட்ல எல்லாம் ஊருக்கு பூட்டாங்கன்னு சொன்னாங்க. இங்க பாருங்க." அவர் விரல் கோட்டின் மேல் ஊர்ந்தது. "மூணு அட்டைக்கு ஒரு கட்டம் எறங்குது. மூணுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு. தொண்ணூத்தாறாவது அட்டை வரைக்கும் ஒழுங்கா வந்துக்கினு இருக்குது, அதோட குத்தறத நிறுத்திட்டேன். தொண்ணூத்தேழுல ஒரேயடியா ரெண்டு கட்டம் கீழ பூடுச்சு. அப்பால பழையபடி மூணுக்கு ஒண்ணு. இது இன்னா?"

அவர் விரல் நின்றது என் குதியின் மேல். ஒரு வருட உழைப்பு, அறிவிப்புப் பலகைத் தலைப்பு, எல்லாம் அதுதான்.

"அது தப்பு இல்லைங்க. அதுதான் முக்கியமான இடம்" என்றேன். குரலில் கொஞ்சம் திமிரும் இருந்திருக்கும். "உலகம் உண்டாகி ரொம்ப காலம் கழிச்சு, ஈர்ப்பு அந்த இடத்துல திடீர்னு குறைஞ்சிருக்கு. நிஜமாவே ஒண்ணு நடந்திருக்கு."

"செரி, நடந்துச்சு. நடந்துச்சுன்னா அதுக்கப்புறம் ஓட்டம் மாற வேணாமா? முன்னாலயும் மூணுக்கு ஒண்ணு, பின்னாலயும் மூணுக்கு ஒண்ணு. ஒண்ணுமே நடக்காத மாதிரி இல்ல ஓடுது? கோட்ட யாரோ வெட்டி எடுத்து ரெண்டு கட்டம் கீழ வச்சா மாதிரி இருக்குது."

"பூஷணம்ணா, அவ காலேஜ்ல ஆராய்ச்சி பண்றா" என்றாள் சரோஜா, எனக்குப் பரிந்து.

"பண்ணட்டுமே. நானா வேணாங்கறேன்? வேற ஆளா இருந்தா அந்த எடத்த அவனே சரிபண்ணி குத்திக்கினு போயிருப்பான். நான் போட்டவங்கள கேக்காம ஒரு கட்டம் மாத்த மாட்டேன். அது தப்புன்னு நீங்க சொல்லணும், இல்ல சரின்னு சொல்லணும். பாத்து சொல்லுங்க." சொல்லிவிட்டு ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

கோபத்தோடுதான் நோட்டைத் திறந்தேன், சரிதான் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஈர்ப்பைத் தளரச் செய்கிற எதுவும் கோட்டின் சரிவைத்தான் மாற்றும், கோட்டையே தூக்கி வேறிடத்தில் வைக்காது. என் சமன்பாட்டில் அது முதல் வரியிலேயே இருக்கிறது. முதலாண்டு மாணவிக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேராசிரியரும் நானும் மாதக்கணக்காக அந்தக் குதியையே ஆசை ஆசையாகப் பார்த்தோமே தவிர, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியை, அடுத்த பக்கத்தின் தலையில் வழக்கம்போல மறுபடி எழுதியிருந்தேன், தொடர்ச்சி தெரிவதற்காக. அந்த வரியையும் ஓர் அடியாக எண்ணிவிட்டேன். காலம் நகரவில்லை, ஈர்ப்பு மட்டும் ஓர் அடி குறைந்துவிட்டது. அந்த இடத்தில் என் ஓர் அடி ஆறு கட்ட அகலம். மூன்றுக்கு ஒன்று என்றால் ஆறுக்கு இரண்டு. பூஷணம் அண்ணன் சொன்ன அதே இரண்டு கட்டம்.

மூன்று தடவை சரிபார்த்தேன். மணி மூன்றே கால் ஆகிவிட்டது. "தப்புதாங்க" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன். குதி போய்விட்டது, தலைப்பு போய்விட்டது, உதவித்தொகையும் போனது என்றுதான் நினைத்தேன். அவர் பதறிப்போனார்.

"அய்ய, இதுக்கு போயி அழுவாங்களா? தறியில ஏறலயேமா. ஏறினப்புறம் தெரிஞ்சா அழுவலாம். இன்னும் அட்டையிலகூட ஏறலயே?"

மதியச் சாப்பாடுகூட இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது சரோஜாவின் அம்மா சோறு எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடையெல்லாம் சாத்திவிட்டதால் பூஷணம் அண்ணன் தன்னிடமிருந்த டிசைன் தாளில் நாலு கொடுத்தார். சனி மாலையும் இரவும், ஞாயிறு பஸ் நேரம் வரையும் அதில்தான் புதுக் கோட்டைப் போட்டேன். முடிந்ததும், சாமி படத்தின் முன் வைக்கட்டுமா என்று சரோஜாவின் அம்மா கேட்டார். சரோஜா குறுக்கே விழுந்து தடுத்துவிட்டாள். ஞாயிறு மாலை 5.20 பஸ்ஸில் சென்னை.

அன்றிரவே பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தார், என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமை, போட்டிருந்த தலைப்பு தவறு என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். குதி இல்லாத கோட்டைக் காட்டி, ஈர்ப்பு தளர்ந்திருந்தால்கூட எவ்வளவுக்குள் தளர்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். குழுவில் ஒருவர், "தப்பை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் அட்டை குத்துகிறவர் என்றேன். அறையில் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில், அவர் என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பி அந்த அறையில் கேட்டேன். முன்னால் இருக்கிற சரிவும் பின்னால் இருக்கிற சரிவும் ஒன்றாக இருந்தால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று. யாரும் சிரிக்கவில்லை. உதவித்தொகையை ஆறு மாதம் நீட்டினார்கள், பிறகு இன்னும் ஆறு மாதம். பேராசிரியர் என்னோடு சரியாகப் பேச இரண்டு வாரம் பிடித்தது.

இனி குறிப்புகள். சென்னையிலிருந்து இப்போது நிறைய பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன, நேரத்தைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டுக்கு நடை சாத்தி நாலுக்குத் திறக்கும். அந்த நாலு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தறி பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கைலாசநாதரை அவசரமாகப் பார்க்காதீர்கள். கார் இருந்தால் திருப்புட்குழிக்கு அரை நாள் ஒதுக்குங்கள், டயர் பஞ்சரானால் வாயை மூடிக்கொண்டிருங்கள். தறி வீட்டில் கேட்காமல் எதையும் தொடாதீர்கள், வேலை நடக்கும்போது படம் எடுக்கிறேன் என்று முன்னால் போய் நிற்காதீர்கள். கட்டம் போட்ட தாள் எதையும் கையில் கொண்டு போனால் அதன்மேல் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள்.

அப்புறம், உங்கள் வேலையை அதைப்பற்றி ஒன்றுமே தெரியாத, ஆனால் தன் வேலையில் கறாரான ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். நான் நாற்பது வருடம் பாடம் நடத்தியதில் உருப்படியாகக் கண்ட யோசனை இதுதான். அந்தத் தெருவுக்கு நான் பட்டிருக்கும் நன்றியைச் சொல்லவும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆய்வேடு 1975இல் முடிந்தது. நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் பெயருக்கு அடுத்த வரியில் நாகபூஷணம் என்று இருந்தது, பேராசிரியரே போடச் சொன்னார். பைண்டு செய்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி 6.10 பஸ்ஸில் போனேன். நன்றிப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். "இங்கிலீசுல போட்டுக்கீறீங்க, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். வரைபடம் வந்ததும் நிறுத்தினார். கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே, அந்தப் பக்கத்தின் விளிம்புவரை கொண்டுபோனார். கருத்தரங்கு அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"ம்" என்றார் கடைசியில். "இப்ப குத்தலாம்."